பழைய மின்விசிறி, புது ரெகுலேட்டர்: 5-ல் வைத்தாலும் ஊர்கிறது, 1-ல் வைத்தால் முனகுகிறது

அல்லிக்கேணிவாசி
செவ்வாய், இரவு 9.50

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயில் குளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. மாமனார் காலத்து வீடு. தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, பன்னிரண்டு அடி உயரம். கூடத்து உத்திரத்தில் ஒரு மின்விசிறி தொங்குகிறது. மாமனாருக்கு வேலை நிரந்தரமான 1964-ல் வாங்கியதாம். அதன் தலை ஒரு சின்னத் தவலை அளவு இருக்கும். அடித்தட்டில் ஏதேதோ எழுதியிருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் துடைத்துத் துடைத்து இப்போது 'கல்கத்தா' என்பது மட்டும்தான் மிச்சம்.

அதற்கு நேர் கீழே என் மாமியாரின் கட்டில். அவருக்கு 86 வயது. வேகமாகச் சுற்றினால் முழங்கால் குடைகிறது என்பார். நிறுத்தினால் கால் மணி நேரத்தில் வேர்த்து எழுந்து உட்கார்ந்துகொள்வார். ஆகவே கத்திரி வெயிலானாலும் மார்கழியானாலும் அந்த விசிறி 1-ல்தான் ஓட வேண்டும். இத்தனை வருடம் ஓடியது.

சுவரில் பழைய ரெகுலேட்டர் இருக்கிறது. கறுப்பு பேக்கலைட் மூடி போட்ட வட்டப் பெட்டி, நடுவில் கிளி மூக்கைப் போல ஒரு குமிழ். திருப்பினால் 'டக், டக்' என்று ஐந்து இடத்தில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் நமுத்துப்போன தீப்பெட்டியை அதன் தலையில் வைத்து உலர்த்துவது மாமியாரின் வழக்கம். மழை ஓய்ந்த பிறகும் தீப்பெட்டிக்கு அதுவே நிரந்தர இடமாகிவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன் 1-ல் வைத்தால் விசிறி கிளம்ப மறுத்தது. ஒட்டடைக் கம்பால் ஒரு தள்ளு தள்ளினால் சுற்றும். பிறகு அதுவும் போய், 3-ல் வைத்தால்தான் அசையும் என்று ஆயிற்று. தெருவில் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "ரெகுலேட்டர் போய்விட்டது, இதற்கெல்லாம் இப்போது சாமான் கிடைக்காது" என்று சொல்லி, பத்தே நிமிடத்தில் சுவிட்ச் போர்டில் ஒரு எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைப் பொருத்தினார். பழைய பெட்டியைப் பெயர்த்தால் சுண்ணாம்புக் காரை விழும் என்று நான் தடுத்ததால் அதைச் சுவரிலேயே விட்டுவிட்டார். இப்போது அது வெறும் அலங்காரம்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது தொல்லை. புது ரெகுலேட்டரை 1-ல் வைத்தால் வண்டு ரீங்காரம் போல ஒரு முனகல், இறக்கை அசையாது. 2-ல் கம்பு தேவை. 5-ல் வைத்தாலும் முன்பு 3-ல் ஓடிய வேகம்கூட இல்லை. அவர் இரண்டாம் முறை வந்து ரெகுலேட்டரை மாற்றினார், அதே கதை. மூன்றாம் முறை வந்து, "மோட்டார் சுருள், அதுதான் வைண்டிங், போய்விட்டது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார். மாமியார் கட்டிலில் படுத்தபடியே, "அதை இறக்கும் அன்றைக்கு என்னையும் சேர்த்து இறக்கிவிடு" என்று சொல்லிவிட்டார்.

பழைய விசிறிக்கும் புது ரெகுலேட்டருக்கும் ஒத்துவராதா? இந்த எலக்ட்ரானிக் பெட்டியில் குறைந்தபட்ச வேகத்தை நாமே சற்று ஏற்றிக்கொள்ள ஏதாவது வழி உண்டா? முனகல் இல்லாத வேறு வகை இருக்கிறதா?

ஒரு பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் 31 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மல்டிமீட்டர் வைத்திருக்கிறேன், பயப்படாமல் பிடிக்கவும் தெரியும். ஆகவே "நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்" என்று மட்டும் பதில் போட வேண்டாம். நேற்றுகூட மின்வெட்டில் அந்தப் பெட்டியின் தலையிலிருந்து வெதுவெதுப்பான தீப்பெட்டியை எடுத்து நான்தான் விளக்கேற்றினேன். இந்த வேலைக்கெல்லாம் வீட்டில் வேறு ஆள் இல்லை.

---

யூனிட்கணக்கு
செவ்வாய், இரவு 10.15

மேடம், மன்னிக்கவும், ஆனாலும் சொல்கிறேன். 60 வருடத்து மோட்டாரோடு மல்லுக்கட்டாதீர்கள். பழைய விசிறி 75, 80 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி (தூரிகை இல்லாத டிசி மோட்டார்) விசிறி முழு வேகத்திலேயே 30 வாட் சுமாருக்குள் ஓடிவிடும், கையில் ரிமோட். மாமியார் படுத்தபடியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மின்கட்டணத்தில் மிச்சமாவது தனி.

---

சைன்அலை
செவ்வாய், இரவு 11.05

முனகலுக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதை அனுபவசாலிகள் பார்த்துக்கொள்வார்கள்.

பழைய பெட்டி ரெகுலேட்டர் மின்னழுத்தத்தைத் தடைக்கம்பியில் விழவைத்துக் குறைக்கிறது. அலையின் உயரம் குறையுமே தவிர வடிவம் கெடாது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் அப்படி அல்ல. உள்ளே ட்ரையாக் என்று ஒரு சிறிய சாதனம் இருக்கிறது. ஒவ்வோர் அரை அலையிலும் தொடக்கத்தில் கதவைச் சாத்தி வைத்து, நடுவில் சட்டென்று திறந்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 100 முறை இந்தத் திறப்பு நடக்கிறது. ஒவ்வொரு திறப்பும் மோட்டாருக்கு ஒரு குட்டு. வார்னிஷ் உலர்ந்து தளர்ந்த பழைய சுருளும், இறுக்கம் போன இரும்புத் தகடுகளும் அந்தக் குட்டுக்கு அதிரும். அதுதான் உங்கள் வண்டு. வேகம் குறையக் குறைய அலை அதிகமாக வெட்டப்படுவதால் 1-ல் முனகல் தூக்கலாகக் கேட்கும்.

குறைந்தபட்ச வேகத்தை ஏற்ற முடியுமா என்று கேட்டீர்கள். சில ரெகுலேட்டர்களில் குமிழைக் கழற்றினால், திருப்புளி நுனி நுழையும் அளவுக்கு ஒரு குட்டித் திருகு இருக்கும். அதைத் திருப்பி அடிமட்ட வேகத்தை நிர்ணயிக்கலாம். எந்த நிலையில் விசிறி நின்ற இடத்திலிருந்து தானாகக் கிளம்புகிறதோ அதுவே சரியான அடிமட்டம். ஆனால் மெயினை அணைத்துவிட்டுத் திருப்ப வேண்டும், பிறகு போட்டுப் பார்க்க வேண்டும், மறுபடி அணைக்க வேண்டும். பலவற்றில் இந்தத் திருகே கிடையாது.

யூனிட்கணக்கு அவர்களுக்கு: பிஎல்டிசி வாங்குகிறவர்கள் சுவர் ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை விட்டுவைத்து உள்ளே உள்ள போர்டைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

---

சிந்தாதிரிப்பேட்டை வைண்டர்
புதன், காலை 5.40

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்டென்சர், அதாவது மோட்டாரைக் கிளப்பிவிடும் மின்தேக்கி, என்று நினைத்தேன். இரண்டாம் முறை கடைசி வரியில் நின்றுவிட்டேன்.

இணைப்பில் இல்லாத, வெறும் அலங்காரப் பெட்டியின் மேல் வைத்த தீப்பெட்டி எப்படி வெதுவெதுப்பாகும்?

வேறொன்றும் செய்ய வேண்டாம். புது ரெகுலேட்டரை 5-ல் வையுங்கள். பழைய பெட்டியின் குமிழை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்புங்கள். விசிறியின் வேகம் மாறினால் மின்சாரம் இரண்டு ரெகுலேட்டர் வழியாகவும் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். போர்டில் பேஸ் வயரை வெட்டி நடுவில் புதியதைச் சேர்த்தவர், அந்த வயர் அங்கிருந்து நேரே விசிறிக்குப் போகாமல் பழைய பெட்டிக்குள் நுழைந்து வருவதைக் கவனிக்கவில்லை. பழைய வீடுகளில் இது நிறைய நடக்கும். 3-ல் விட்டிருந்தீர்கள் என்றால் அது இன்னமும் 3-லேயே நின்றுகொண்டு, புதியது கொடுக்கிற 5-ல் தன் பங்கைப் பிடுங்கிக்கொள்கிறது.

மோட்டாரின் இழுவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தில் இறங்கும். பாதி மின்னழுத்தம் போனால் இழுவிசை நாலில் ஒரு பங்குதான். ஏற்கெனவே நோஞ்சானாகிவிட்ட விசிறிக்கு இரண்டு வாசலில் வரி கட்டச் சொன்னால் எப்படிக் கிளம்பும்?

அதோடு முடிந்துவிடாது. புது ரெகுலேட்டர் வருவதற்கு முன்பே 1-ல் கிளம்பவில்லை என்றீர்களே, அந்த நோய் தனி. அதைப் பார்க்கும் வரிசை இது.

முதலில் மெயினை அணையுங்கள், சுவிட்சை மட்டும் அல்ல. உங்களைப் போன்ற பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் இருந்து, அணைத்த விசிறியிலும் பேஸ் நிற்பதை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். பன்னிரண்டு அடிக்கு நல்ல ஏணி வேண்டும், பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மேசைமேல் நாற்காலி போட்டு ஏறாதீர்கள்.

கையால் இறக்கையை மெதுவாகத் தள்ளிவிடுங்கள். ஐந்தாறு சுற்றாவது தானாகப் போய், சத்தம் இல்லாமல் ஓய வேண்டும். இரண்டு சுற்றில் பிடித்து நிறுத்தியது போல் நின்றால் பேரிங்கில் கிரீஸ் மெழுகாக இறுகிவிட்டது. அப்போது ரெகுலேட்டரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

பேரிங் சரியாக இருந்தால் கண்டென்சர். மேல் கிண்ணத்துக்குள் இருக்கும். எத்தனை மைக்ரோஃபாரட் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், 2.5 இருக்கலாம், பழையதில் வேறாகவும் இருக்கலாம். கழற்றும் முன் எந்த வயர் எங்கே என்று நூல் கட்டி அடையாளம் வையுங்கள். இடம் மாறினால் விசிறி எதிர்த்திசையில் சுற்றும். இரு முனைகளையும் ஒரு தடைமம் வழியாகச் சேர்த்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு மீட்டரில் அளவுங்கள். எழுதிய அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதே அளவு, 440 வோல்ட் ஏசி என்று போட்டதையே வாங்குங்கள். "3.15 போடுங்கள், பறக்கும்" என்று கடையில் சொல்வார்கள். பறக்கும்தான், துணைச் சுருள் சூடேறி ஒருநாள் என்னைப் போன்றவனிடம் வைண்டிங்குக்கு வரும். பழைய கண்டென்சர் எண்ணெய் ஊற்றிய தகர டப்பாவாக இருந்தால் உடைத்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

வைண்டிங் போய்விட்டது என்று கண்ணால் பார்த்தே சொன்னாராக்கும்? போன வைண்டிங் கருகிய வாடை அடிக்கும், தொட்டால் சுடும், ஃபியூஸை எரிக்கும். மெதுவாகச் சுற்றுவது மட்டுமே சாட்சி என்றால் வழக்கு நிற்காது.

---

அல்லிக்கேணிவாசி
வியாழன், மாலை 6.20

ஐயா, 31 வருடம் ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குத் தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று பலகை மாட்டிக் கொடுத்தவள், என் வீட்டுச் சுவரில் இரண்டு ரெகுலேட்டர் தொடர் இணைப்பில் நிற்பதைக் கண்டுபிடிக்கவில்லை. தீப்பெட்டி சொல்லித் தெரிய வேண்டியிருந்தது.

குமிழைத் திருப்பியதும் வேகம் மாறியது. அவ்வளவுதான், வழக்கில் பாதி முடிந்தது.

மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பையனைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். அவன் கைபேசியில் விநாடிக்கு 240 சட்டகம் எடுக்கும் மெதுவீடியோ வசதி இருக்கிறது. ஓர் இறக்கையின் நுனியில் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டரைச் சின்னத் துண்டாக ஒட்டினோம். படம் எடுத்து, ஒவ்வொரு சட்டகமாகத் தள்ளி, பிளாஸ்டர் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவர எத்தனை சட்டகம் என்று எண்ணினோம். 14,400-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடுகிறது.

புதியது 5, பழையது 3: ஒரு சுற்றுக்கு 65 சட்டகம், அதாவது 222 சுற்று. பழையதையும் 5-க்குக் கொண்டுபோனதும் 52 சட்டகம், 277 சுற்று.

பிறகு ஏணி. பையன் பிடித்துக்கொண்டான், மாமியார் கட்டிலில் உட்கார்ந்து மேற்பார்வை செய்தார். இறக்கையைத் தள்ளிவிட்டேன், எட்டு சுற்று போய் அமைதியாக நின்றது. கண்டென்சர் மேல் கிண்ணத்தில்தான் இருந்தது. 1964-ன் சொத்து அல்ல, நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள், பிளாஸ்டிக் உருளை. 2.5 என்று எழுதியிருந்தது, மீட்டர் 1.6 காட்டியது. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைக் கடையிலேயே 70 ரூபாய்க்குப் புதியது கிடைத்தது. கடைக்காரர் நீங்கள் சொன்னபடியே 3.15-ஐ நீட்டினார். உங்கள் வாக்கு இவ்வளவு சீக்கிரம் பலிக்கும் என்று நினைக்கவில்லை.

2.5 போட்ட பிறகு 45 சட்டகம். 320 சுற்று. கூடத்தில் தினசரிக் காலண்டர் தாள்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டன. மாமியார், "போதும், போதும், நிறுத்து" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

இனி மிச்சம் 1-ன் பிரச்சினை. புதியது 1-ல் இன்னும் முனகுகிறது, கிளம்பவும் தயங்குகிறது. சைன்அலை சொன்ன குட்டித் திருகைத் தேடினேன், இதில் இல்லை. பழைய பெட்டியை மட்டும் வைத்து ஓட்டினால் 4, 5 நன்றாக இருக்கிறது. 3-ல் சில நேரம் நின்று போகிறது, குமிழை அசைத்தால் மறுபடி ஓடுகிறது. 1-ல் ஒன்றும் இல்லை, முனகல்கூட இல்லை. இரண்டில் எதை வைத்துக்கொள்வது?

---

பெசன்ட் நகர் மொட்டை மாடி
வியாழன், இரவு 8.30

இடையில் நுழைகிறேன். அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது அங்கே பழைய பொருள் கடையில் வாங்கிய ஒரு கனமான விசிறியைக் கொண்டுவந்தேன். சங்கிலியை இழுத்தால் வேகம், நடுத்தரம், மெதுவு என்று மாறும். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வைத்து 120-க்குக் குறைத்து, சுவரில் ஒரு ரெகுலேட்டரும் மாட்டியிருக்கிறேன். அங்கே ஓடிய வேகம் இங்கே இல்லை, தலையும் சூடாகிறது. மேலே படித்ததும் எனக்கும் இரண்டு ரெகுலேட்டர் வியாதியோ என்று சந்தேகம் வந்தது.

---

சிந்தாதிரிப்பேட்டை வைண்டர்
வெள்ளி, காலை 5.30

பெசன்ட் நகர் தம்பிக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் சங்கிலியே ஒரு ரெகுலேட்டர்தான். சங்கிலியை வேகமான நிலையில் நிறுத்திவிட்டுச் சுவரில் இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் சுவரில் இருப்பதை எடுத்துவிட்டுச் சங்கிலியோடு இருங்கள். அந்த விசிறிகளில் நிறுத்தத்திலிருந்து முதல் இழுப்புக்கே முழு வேகம் வரும்படி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. முழு பலத்தோடு கிளம்பிய பிறகு குறைத்துக்கொள்ளட்டும் என்றுதான். 60 ஹெர்ட்ஸ் மோட்டார் 50-ல் ஆறில் ஐந்து பங்கு வேகமே போகும், அதற்கு மருந்து இல்லை. ஆனால் சூட்டுக்கு உண்டு. 60-க்கு 120 வோல்ட் என்றால் 50-க்கு 100 வோல்ட்தான் அதற்கு நியாயமான சாப்பாடு. 100 வோல்ட் வெளியீடு உள்ள மின்மாற்றி போடுங்கள்.

இப்போது அம்மாவின் பெட்டி.

எதை வைத்துக்கொள்வது என்றால் மூன்று வழி இருக்கிறது. முதலாவது ட்ரையாக், அது உங்கள் விசிறிக்கு வேண்டாம். இரண்டாவது, கண்டென்சர் வைத்த படிநிலை ரெகுலேட்டர். விசிறிக்குத் தொடரில் 1 மைக்ரோஃபாரட், 2.2, 3.3 என்று ஏதோ ஒரு வரிசையில் கண்டென்சர்களை மாற்றி மாற்றிச் சேர்த்து வேகத்தைக் குறைப்பது. அலையை வெட்டாது, முனகாது, சூடும் இல்லை. கடையில் வாங்கும்போது 'டக்' என்று நிற்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். ட்ரையாக்கிலும் டக் வைத்து விற்கிறார்கள். கண்டென்சர் வகை என்று கேட்டே வாங்குங்கள். ஒரு குறை: அது இன்றைய விசிறியின் சுருளுக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. கனமான பழைய மோட்டாரில் படிகள் ஒழுங்காக விழாது. ஒரு விசிறியில் 4-க்கும் 5-க்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை, 1-ல் வைத்தால் நின்றுவிட்டது.

மூன்றாவது, உங்கள் சுவரில் உள்ளது. அந்த விசிறிக்கென்றே பிறந்தது. மின்சாரத்தை வீணாக்குகிறது என்பது உண்மை. இதே மாதிரிப் பெட்டியில் ஒருமுறை அளந்தேன்: 1-ல் வைத்தபோது கம்பியில் விழுந்தது 130 வோல்ட், ஓடியது 0.2 ஆம்பியர். பெருக்கினால் 26 வாட் தீப்பெட்டி காயவைக்கப் போகிறது. யூனிட்கணக்கு கோபித்துக்கொள்வார். ஆனால் விசிறி அப்போது முழு வேகத்தில் இழுப்பதில் ஒரு பகுதியைத்தான் இழுக்கும். இரண்டையும் கூட்டினாலும் 5-ல் ஓட்டுவதைவிடக் குறைவுதான்.

3-ல் விட்டு விட்டு ஓடுவதும், குமிழை அசைத்தால் சரியாவதும் களிம்பு. கடற்காற்று வீசும் ஊரில் பித்தளைக்கு வேறென்ன கதி? மெயினை அணைத்து, ஆறவிட்டு, மூடியின் இரண்டு திருகையும் கழற்றுங்கள். பேக்கலைட் மூடி பிஸ்கட் போல உடையும், திருகை மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். உள்ளே பீங்கான்மேல் சுற்றிய கம்பிச் சுருளும், அரை வட்டமாகப் பித்தளைக் குமிழ்களும், அவற்றின்மேல் உரசிச் செல்லும் ஒரு தகட்டுக் கையும் இருக்கும். பின்பக்கம் வெள்ளை அட்டை மாதிரி ஏதாவது இருந்தால் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். அந்தக் காலத்தில் சூட்டுக்குக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) அட்டை வைப்பதுண்டு.

ஜீரோ நம்பர் எமரித் தாளால் பித்தளைக் குமிழ்களை மஞ்சள் தெரியும் வரை தேயுங்கள், குழி விழும் வரை அல்ல. தகட்டுக் கையின் நுனியையும் தேயுங்கள். அதன் அழுத்தம் போயிருக்கும்; கழற்றி மிகச் சிறிதளவு கீழ்நோக்கி வளையுங்கள். எண்ணெய் விடாதீர்கள், சூட்டில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு இணைப்பு வயரைக் கழற்றிவிட்டு ஓம் அளவுங்கள். 5-ல் ஏறக்குறைய பூஜ்யம், 4, 3, 2, 1 என்று படிப்படியாக ஏற வேண்டும். எந்த இடத்தில் மீட்டர் எல்லையின்மை காட்டுகிறதோ அங்கே கம்பி அறுந்திருக்கிறது. உங்கள் 1-ல் முனகல்கூட இல்லை என்றால் 2-க்கும் 1-க்கும் நடுவில் அறுந்திருக்க வேண்டும். ஈயப் பற்று வைக்க முயலாதீர்கள். அந்தக் கம்பியில் ஒட்டாது, ஒட்டினாலும் சூட்டில் விடும். இரு நுனிகளையும் சுரண்டி, சின்னப் பித்தளைத் திருகுக்கும் வாஷருக்கும் நடுவே வைத்து இறுக்குங்கள்.

பெட்டியின் அடித்தட்டு உலோகமாக இருந்தால் எர்த் கொடுங்கள். உள்ளே வரும் வயர் துணி சுற்றிய ரப்பர் வயராக இருந்தால் விரலால் மடித்துப் பாருங்கள். ரப்பர் பொடியாக உதிர்ந்தால் அதற்குமேல் மூடியை மாட்டாதீர்கள். அந்த வயரை மாற்றுவதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் பிறகு.

---

யூனிட்கணக்கு
வெள்ளி, காலை 9.10

கோபம் இல்லை ஐயா. 26 வாட்டைக் குறித்துக்கொண்டேன்.

---

அல்லிக்கேணிவாசி
ஞாயிறு, இரவு 9.00

மூடியைத் திறந்ததும் முதலில் விழுந்தது ஒரு பல்லி முட்டை ஓடு. பித்தளை எதுவும் பித்தளையாக இல்லை, எல்லாம் பச்சைப்பட்டாணி. தேய்க்கத் தேய்க்கக் கோயில் குத்துவிளக்கு நிறத்துக்கு வந்தது. 3-ன் குமிழில் மட்டும் கறுப்பாக ஒரு குழி. பொறி பறந்து பறந்து உண்டானதாக இருக்கும்.

மீட்டர் வரிசையாக 0, 130, 270, 430 காட்டியது, 1-ல் எல்லையின்மை. நீங்கள் சொன்ன இடத்திலேயே அறுந்திருந்தது. இரண்டு நுனியும் முடி அளவு இடைவெளியில் எதிரெதிரே நின்றன. ஆய்வகப் பெட்டியிலிருந்து கொண்டுவந்த பழைய பித்தளைத் திருகு ஒன்று கைகொடுத்தது. இப்போது 1-ல் 640 ஓம்.

ரப்பர் வயர் உதிரத்தான் செய்தது. போர்டிலிருந்து பெட்டிக்கும், பெட்டியிலிருந்து விசிறிக்குமாக இரண்டு துண்டையும் மாற்றினேன். சுவரில் வயர் ஓடும் மரப்பட்டையைத் திறந்து மூடவே அரை நாள் போயிற்று. எர்த் கம்பியும் இழுத்தாயிற்று. எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டேன், போர்டில் அந்த ஓட்டைக்கு ஒரு வெற்று மூடி.

1-ல் வைத்தால் கம்பு இல்லாமல் கிளம்புகிறது, ஆனால் முழு வேகத்தைப் பிடிக்கக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகிறது. ஆகவே முதலில் 5-ல் பத்து விநாடி விட்டுவிட்டு 1-க்குக் கொண்டுவருகிறேன். பையன் படம் எடுத்தான்: 131 சட்டகம், 110 சுற்று. மாமியாரிடம் காற்று போதுமா என்று கேட்டேன். "சத்தம் வரவில்லையே" என்றார். எந்தச் சத்தம் என்று கேட்டேன். பழைய கண்டென்சரோடு ஓடியபோது சுற்றுக்கு ஒரு தரம் 'க்ளுக்' என்று கேட்குமாம். அது எங்கே போயிற்று என்று எனக்கும் தெரியவில்லை. மேல் கிண்ணத்தின் திருகை நான் இறுக்கியதால் இருக்கலாம்.

ஒரே ஒரு சந்தேகம். 3-லிருந்து 2-க்குத் திருப்பும்போது இருட்டில் மூடி இடுக்கில் நீலமாக ஒரு பொறி தெரிகிறது. இது சாதாரணம்தானா?

---

சிந்தாதிரிப்பேட்டை வைண்டர்
திங்கள், காலை 5.35

திருப்பும் கணத்தில் மட்டும் தெரிந்தால் சாதாரணம். நின்ற இடத்திலும் மினுமினுத்தால் தகட்டுக் கை அந்தக் குழியில் சரியாக உட்காரவில்லை. இன்னொரு முறை கழற்றி வளைக்க வேண்டும். குமிழை இரண்டு டக்குக்கு நடுவில் நிறுத்தாதீர்கள், மாமியாருக்கும் சொல்லுங்கள்.

ஏணியில் மறுபடி ஏறப்போவதாக இருந்தால், உத்திரத்துக் கொக்கியில் விசிறி தொங்கும் இடத்தில் ஒரு ரப்பர் உருளை இருக்கும், அதையும் அதன் குறுக்கே உள்ள போல்ட்டின் பின்னையும் பார்த்துவிடுங்கள். நீங்கள் சொன்ன க்ளுக் அங்கிருந்து வந்திருந்தால் திருகை இறுக்கியதால் போயிருக்காது. கட்டிலை இன்று இரவு மட்டும் இரண்டடி நகர்த்திப் போடுங்கள்.